கப்பலில் ஒரு காக்கை

ஜூன் 3

அன்றன்று படித்ததை அன்றன்றே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள் இசக்கி. இவள்தான் என் டீம் லீட். என்னைவிட எட்டு, ஒன்பது வயது சின்னவள். காலையில் 'மேடம்' என்று கூப்பிட்டேன். "ஐயோ அக்கா, மேடம்னா எங்க கெமிஸ்ட்ரி டீச்சர் ஞாபகம் வந்து வயித்தக் கலக்குது. இசக்கின்னே கூப்பிடுங்க" என்றாள்.

வேலையில் சேர்ந்த முதல் நாள். சின்ன கம்பெனி. தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் கன்டெய்னர் யார்டுகளுக்கு மென்பொருள் எழுதித் தருகிறார்கள். எந்த லாரி எந்தப் பெட்டியோடு கேட்டுக்குள் வந்தது, எங்கே இறக்கியது, எப்போது வெளியே போனது என்பதெல்லாம் அதில் பதிவாகும். எனக்கு ஆறு மாதம் தகுதிகாண் பருவம். தேறினால் வேலை நிரந்தரம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள்தான் நானும். ஆனால் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் மீன் குழம்பு வைத்ததில், நான் படித்த மொழியே வழக்கொழிந்து போய்விட்டது. இப்போது சி ஷார்ப்.

இன்று படித்தது: கிளாஸ், ஆப்ஜெக்ட். கிளாஸ் என்பது வீட்டின் வரைபடம். ஆப்ஜெக்ட் என்பது அதைப் பார்த்துக் கட்டிய வீடு. 'லாரி' என்று ஒரு கிளாஸை எழுதி வைத்துவிட்டால், கேட்டுக்குள் வரும் ஒவ்வொரு லாரியும் ஓர் ஆப்ஜெக்ட். ஒரே தடவையில் புரிந்துவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை.

கிளாட்வினுக்கு இதையெல்லாம் சொல்லி வாய்ஸ் மெசேஜ் போட்டேன். ஒற்றை டிக்கோடு நிற்கிறது. கப்பல் எந்தக் கடலில் இருக்கிறதோ.

ஜூன் 4

கிளாட்வின் என் வீட்டுக்காரர். சரக்குக் கப்பலில், எஞ்சின் ரூமில் மோட்டார்மேன். ஜனவரியில் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்: "உனக்கு ஒரு வேலை நிரந்தரமா அமையட்டும் எமி. இந்தக் கான்ட்ராக்டோட கப்பலுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துருதேன்." அதனால்தான் இந்த முப்பத்தேழு வயதில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடம் படிக்கிறேன். இசக்கி கேட்டபோது, "வீட்ல சும்மா இருக்கப் பிடிக்கலை" என்று சொல்லி வைத்தேன்.

ஜூன் 12

என்கேப்சுலேஷன். ஓர் ஆப்ஜெக்ட் தன் உள்விவரங்களை வெளியே காட்டாது. யாராவது கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல ஒரு சின்ன வாசலை வைத்திருக்கும். மற்றதெல்லாம் பிரைவேட்.

"இது ஏன்னு புரியுதாக்கா?" என்று இசக்கி கேட்டாள். நன்றாகவே புரிந்தது. எங்கள் தெருவில் பாதி வீடு கப்பல்காரர் வீடு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கப்பலுக்குக் கிளம்புகிறவரிடம் 'எப்ப வருவிய' என்று பெண்டாட்டி கேட்கக் கூடாது. வழியனுப்ப ஸ்டேஷனுக்கும் போகக் கூடாது. கல்யாணமான மறு வாரமே மாமியார் என்னிடம் சொல்லிவிட்டார். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. நான் இன்னும் அதை மீறவில்லை. கிளம்பும்போது மட்டுமல்ல, போனில்கூடக் கேட்பதில்லை. அவராகச் சொன்னால் சரி. பக்கத்து வீட்டு ரோசாரி ஒவ்வொரு தடவையும் புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுது ஊரைக் கூட்டுவாள். நான் அப்படியில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

ஜூன் 19

இன்ஹெரிட்டன்ஸ். பெற்ற கிளாஸிடம் இருப்பது பிள்ளை கிளாஸுக்கும் வரும். வேண்டாததைப் பிள்ளை மாற்றி எழுதிக்கொள்ளலாமாம். எங்கள் ஜொவிட்டாவுக்கு அப்பாவின் மூக்கும் பிடிவாதமும் அப்படியே வந்திருக்கின்றன. பத்து வயதாகிறது, ஒன்றையும் மாற்றி எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. இன்று தயிர்சாதத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள்.

ஜூலை 7

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. அவரிடமிருந்து நாலு மெசேஜ். கை கழுவக்கூடப் பொறுமையில்லாமல் முழங்கையால் தட்டிக் கேட்டேன்.

"ஏட்டி எமி, கிளாஸு, ஆப்ஜெக்டுன்னு என்னமோ சொல்லியிருக்க. எனக்கு ஒண்ணும் விளங்கல. ஆனா நீ பேசுதத கேக்க நல்லாருக்கு. இன்னும் பேசு." பின்னால் எஞ்சின் இரைச்சல். அந்த இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசியே பழகியவர். வீட்டுக்கு வந்தாலும் முதல் ஒரு வாரம் உப்பைக்கூடக் கத்தித்தான் கேட்பார்.

அந்த மெசேஜைப் பல தடவை போட்டுக் கேட்டேன். எனக்கு அவர் வேண்டும். மெசேஜில் இல்லை, இந்த வீட்டில். உப்பைக் கத்திக் கேட்டுக்கொண்டு, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுக்கொண்டு. இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது.

ஜூலை 15

இன்று பெரிய பாடம். பேரலல் வேறு, அசிங்க் வேறு. நான் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டேன். இசக்கி தலையில் அடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க சமைக்கிறதையே வச்சு யோசிங்க" என்றாள்.

யோசித்தேன். இரண்டு பேர் இரண்டு அடுப்பில் ஒரே நேரத்தில் சமைத்தால் அது பேரலல். ஒரே ஆள், உலையை ஏற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்காமல் மீனைக் கழுவப் போனால் அது அசிங்க். சோறு வெந்ததும் குக்கர் விசில் அடித்துக் கூப்பிடும். நம் கையில் நேரம் வீணாகாது. 'வெந்தாச்சா, வெந்தாச்சா' என்று மூடியைத் திறந்து பார்ப்பவன்தான் மோசமான புரோகிராமர் என்றாள்.

"இதுல நான் பி.எச்டி. பன்னெண்டு வருசமா இதத்தான் செய்யுதேன்" என்றேன். சிரித்தாள். என்ன புரிந்து சிரித்தாளோ.

ஜூலை 24

யார்டில் இரண்டு கேட். இரண்டிலும் ஒரே நொடியில் இரண்டு லாரி வந்திருக்கிறது. காலியாக இருந்த ஒரே இடத்தை இரண்டு கேட்டும் பார்த்து, இரண்டு லாரிக்கும் அதையே கொடுத்துவிட்டன. டிரைவர்கள் பெட்டியோடு நேருக்கு நேர் நின்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்களாம். ஒருவர் பார்த்து முடிக்கும்வரை மற்றவர் தொடக் கூடாது என்று ஒரு பூட்டுப் போட வேண்டும். நானே கண்டுபிடித்து நானே போட்டேன். முதலாளி தாமோதரன் சார் தன் அறையிலிருந்து வெளியே வந்து, "குட், எமில்டா" என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் ஜொவிட்டாவுக்கு மக்ரூன் வாங்கினேன்.

ஆகஸ்ட் 5

பனிமய மாதா திருநாள். ஊர் முழுக்கத் தெருவில்தான் நின்றது. எந்தக் கடலில் இருந்தாலும் இந்த நாளுக்கு அவரிடமிருந்து மெசேஜ் வந்துவிடும். இந்த வருடம் வரவில்லை. ஒரு வாரமாகவே என் மெசேஜ்களுக்கும் ஒற்றை டிக்தான்.

மாதாவிடம் கேட்டேன். மாதாவிடம் கேட்கலாம், தடையில்லை.

ஆகஸ்ட் 11

வந்துவிட்டது. "நெட் இல்ல எமி. நல்லா இருக்கேன். நீ ஒண்ணும் வெசனப்படாத. வேல எப்படிப் போவுது? எப்ப நிரந்தரம் பண்ணுவாவ?"

குரல் தெளிவாக இருந்தது. பின்னால் ஓர் இரைச்சலும் இல்லை. கேபின் மாற்றிக் கொடுத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 18

ஜொவிட்டாவும் நானும் கட்டிலில் கிடந்து அவருடைய மெசேஜைக் கேட்டோம். நடுவில் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, கப்பல்ல காக்கா இருக்குமா?"

"ஏன்?"

"அப்பா பேசும்போது பின்னால காக்கா கத்துது."

மறுபடி போட்டுக் கேட்டோம். கத்தத்தான் செய்தது. "துறைமுகத்துல கட்டியிருப்பாவ. துறைமுகத்துல காக்கா இல்லாம இருக்குமா?" என்றேன். எந்தத் துறைமுகம் என்றாள். துணி மடிக்க வேண்டியிருந்தது, எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 3

இப்போதெல்லாம் பதில் உடனே வந்துவிடுகிறது. முன்பு ஒரு வாரம், பத்து நாளாகும். கப்பலில் நல்ல நெட் போட்டிருக்கிறார்கள் போல. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். இரைச்சலே இல்லாத இடத்தில் முன்பைவிடச் சத்தமாக எதற்குக் கத்துகிறார் என்றுதான் விளங்கவில்லை. ஒவ்வொரு மெசேஜின் முடிவிலும் ஒரே கேள்வி: "வேல எப்ப நிரந்தரமாவும்?"

ரோசாரியின் புருஷன் வந்திருக்கிறார். பாதி நேரம் சண்டை, பாதி நேரம் சிரிப்பு. ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 16

யார்டிலிருந்து புகார். கேட்டில் 'என்ட்ரி' பட்டனை அழுத்தினால் ஸ்கிரீன் யோசித்துக்கொண்டே நிற்கிறதாம், லாரிகள் சாலைவரை வரிசை கட்டுகின்றனவாம். என் பகுதிதான். பார்த்தேன். லாரி விவரம் சர்வரில் பதிவாகி முடியும்வரை ஸ்கிரீன் காத்திருக்கிறது. காத்திருக்கச் சொல்வது ஒரே ஒரு சொல்: அவெயிட். அதை எடுத்துவிட்டேன். இப்போது பதிவு செய்யும் வேலையைப் பின்னால் ஓட விட்டுவிட்டு, ஸ்கிரீன் உடனே 'என்ட்ரி ஆயிற்று' என்று காட்டிவிடுகிறது. லாரி பறக்கிறது.

அந்த வரிக்குக் கீழே மஞ்சள் கோடு ஒன்று வந்தது. எச்சரிக்கைதான், பிழை இல்லை. அப்படி நூறு மஞ்சள் கோடு ஏற்கெனவே கிடக்கிறது. இசக்கி லீவில் இருந்தாள். யார்டு மேனேஜர் போன் செய்து நன்றி சொன்னார். உலையை ஏற்றிவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததா!

அக்டோபர் 2

நல்லா இருக்கியளா என்றேன். நல்லா இருக்கேன் என்றார்.

அக்டோபர் 13

இன்று வந்த மெசேஜில் ஒரு பெண் குரல். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒருத்தி தமிழில், "தண்ணி வந்துருச்சுப்பா, கொடத்த எடுத்துட்டு வா" என்று கூப்பிடுகிறாள். உடனே மெசேஜ் முடிந்துவிடுகிறது.

கப்பலில் டிவி ஓடியிருக்கும். இந்தப் பையன்கள் பென் டிரைவில் சீரியல்களை ஏற்றிக்கொண்டுதான் போவார்கள்.

அக்டோபர் 14

டிவிதான்.

அக்டோபர் 15

குளிக்கும்போது அழுதேன். ஷாம்பூ கண்ணில் பட்டுவிட்டது என்று ஜொவிட்டாவிடம் சொன்னேன். அவளும் அதை நம்பினாள்.

கேட்டுவிடலாம். 'எங்க இருக்கிய', இரண்டே சொல். கேட்டால் ஒரு பதில் வரும், அதன்பிறகு அந்தப் பதிலோடுதான் வாழ வேண்டும். கேட்காதவரை அவர் கப்பலில்தான் இருக்கிறார். டிசம்பரில் எனக்கு வேலை நிரந்தரமாகும். சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவர் வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்?

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். மாமியாரின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். போட்டோ அனுப்பினேன். "நானே வந்து செய்யணும். இந்த வருசமும் உன் தலையில" என்றார். குரல் உடைந்திருந்தது. "இங்க காலையிலருந்து ஒரே மழ" என்றும் சொன்னார். டிவி செய்தியில் சென்னையில் மழை என்று காட்டினார்கள். கடலிலும் மழை பெய்யும்.

நவம்பர் 20

இன்றைய நாளை எப்படி எழுத.

காலையிலிருந்து கொட்டியது. முற்பகலில் யார்டின் நெட் போய்விட்டது. கேட்டில் இருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. தெரிய வழியில்லை. பட்டனை அழுத்த அழுத்த ஸ்கிரீன் 'என்ட்ரி ஆயிற்று' என்று பச்சையாகக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. மதியத்துக்கு மேல் லாரிகள் பெட்டியை இறக்கிவிட்டு வெளியே போக வந்தபோது, அப்படி ஒரு லாரி உள்ளே வரவே இல்லை என்று கணினி சொல்லிவிட்டது. ஒன்றல்ல, காலையிலிருந்து வந்த அத்தனையும். வெளியே விட மாட்டேன் என்கிறான் செக்யூரிட்டி. எந்தப் பெட்டி எங்கே கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இசக்கியும் நானும் ஆட்டோ பிடித்துப் போனோம். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒவ்வொரு பெட்டியின் நம்பராக வாசித்தோம். ஒரு டிரைவர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா, கண்ணு முன்னால நிக்கேன், நான் உள்ளயே வரலங்கியே! அப்ப நான் ஆவியா?" என்றார். சிரிக்கவில்லை அவர். இருட்டிய பிறகுதான் கடைசி லாரி வெளியே போனது.

நவம்பர் 21

இசக்கி என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தாள். செப்டம்பரில் நான் எடுத்த சொல் இருந்த இடத்தில் நிறுத்தினாள். மஞ்சள் கோடு அப்படியே இருந்தது.

"யாருக்கா இத எடுத்தது?"

"நான்தான். ஸ்கிரீன் காத்துக்கிட்டு நின்னுச்சு. நீதான காத்துக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு சொன்ன?"

திரையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நிக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். கேக்கவே வேண்டாம்னு சொல்லலயே. அசிங்க்னா வேற வேலையைப் பாத்துட்டு, கடைசியில வந்து என்ன ஆச்சுன்னு கேக்கணும். நீங்க ஆரம்பிச்சு விட்டதோட சரி. உள்ள அது தோத்துப்போய் விழுந்து கெடந்திருக்கு. நம்மகிட்ட சொல்லணும்னு கையில பிழையை வச்சுக்கிட்டு நின்னிருக்கு. யாரும் வந்து கேக்கல. அப்படியே முழுங்கிருச்சு. வெளிய எல்லாம் பச்சை."

அந்தச் சொல்லைத் திரும்பப் போட்டேன். நெட் போனால் சிவப்பு காட்டவும் எழுதினேன். எழுதும்போது நான் நினைத்துக்கொண்டிருந்தது லாரிகளை அல்ல.

நவம்பர் 22

தாமோதரன் சார் கூப்பிட்டார். திட்டவில்லை. தகுதிகாண் பருவத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டியிருக்கிறேன், அதன் பிறகு பார்க்கலாம் என்றார். அதாவது, இப்போதைக்கு நிரந்தரம் இல்லை. இசக்கி எனக்காகப் பேசியிருக்கிறாள் என்று வெளியே வந்துதான் தெரிந்தது. இல்லாவிட்டால் இன்றோடு வீட்டுக்குத்தான்.

ஜொவிட்டா டியூஷன் போயிருந்தாள். வீட்டில் யாருமில்லை. ஆகஸ்டிலிருந்து வந்த மெசேஜ்களை எல்லாம் வரிசையாகப் போட்டுக் கேட்டேன். காக்கை. குக்கர் விசில். சைக்கிள் மணி. அந்தப் பெண். எத்தனை தடவை கேட்டிருப்பேன் இவற்றை! எனக்குத் தெரியும். கப்பல் இல்லை என்று எனக்குக் காக்கை கத்திய நாளே தெரியும்.

மெசேஜ் போடவில்லை. அவருடைய ஊர் நம்பருக்கு நேராகப் போன் போட்டேன். கப்பல் ஏறிய பிறகு அந்த நம்பருக்கு யாரும் கூப்பிடுவதில்லை. நடுக்கடலில் அது அடிக்காது.

அடித்தது.

"எமி?" என்று கத்தினார். "என்ன, பிள்ளைக்கு என்னமும் ஆச்சா?"

"பிள்ள நல்லாருக்கா. நீங்க எங்க இருக்கிய?"

பின்னால் ஒரு சைக்கிள் மணி அடித்தது.

"எங்க இருக்கியன்னு கேட்டேன்."

"மெட்ராஸ்ல."

"எப்பலருந்து?"

"ஆகஸ்டு."

அடுத்த கேள்விதான் பெரியது. தள்ளி வெளியே விட்டேன். "அந்தப் பொம்பள யாரு?"

"எந்தப் பொம்பள?"

"தண்ணி வந்துருச்சுன்னு கூப்பிட்டாளே."

"ஏட்டி, அது ஹவுஸ் ஓனரம்மா! பேரன் பேத்தி எடுத்தாச்சு அதுக்கு. எனக்குச் சரியா காது கேக்கலன்னு தெருவுக்கே கேக்குத மாதிரி கூப்பிடும்." சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது போல.

"காது கேக்கலயா?"

மெல்ல மெல்லத்தான் வந்தது. ஜூலைக் கடைசியில் எஞ்சின் ரூமில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு காதுக்குள் விசில் மாதிரி அடித்திருக்கிறது. அத்தோடு அந்தக் காது போய்விட்டது. இறங்கிய துறைமுகத்தில் டாக்டர் பார்த்து, இனி கப்பலுக்கு ஆகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சென்னை வரை விமானத்தில் அனுப்பி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஊருக்கு ஒரு ராத்திரிப் பயணம். அதற்குத்தான் அவரால் முடியவில்லை. ராயபுரத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறார்.

"உனக்கு நிரந்தரம் ஆயிருச்சுன்னா, கப்பல நானா விட்டுட்டு வந்தேன்னு சொல்லிக்கிட்டு வரலாம்னு இருந்தேன் எமி. ஆவாதுன்னு எறக்கி விட்டுட்டான்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?"

"என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலயே." குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "பன்னெண்டு வருசத்துல எப்ப வருவியன்னு நீ ஒரு வார்த்த கேட்டதில்ல. ரோசாரி அவன் சட்டையைப் புடிச்சு அழும்போது நான் பெட்டியத் தூக்கிட்டு அதப் பாத்துக்கிட்டே போயிருக்கேன். நான் இல்லாமலே ஒனக்குப் பழகிப் போச்சுன்னு நெனச்சேன்."

அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எதைப் பெருமை என்று இத்தனை வருடம் சுமந்தேனோ, அது அவரைப் பட்டினி போட்டிருக்கிறது. அவர் மேல் கோபம் வந்தது, என் மேல் அதைவிட. செத்துப்போன மாமியார் மேலும் கொஞ்சம்.

"வேல நிரந்தரமாவல. மூணு மாசம் தள்ளி வச்சிட்டாவ" என்றேன்.

"அப்ப நான் அதுவரைக்கும் இங்கனயே..."

"எப்ப வாரிய?"

"எமி..."

"வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஒரு காதோ அரைக் காதோ, எனக்கு நீங்க வேணும். எப்ப வாரிய? சொல்லாம போனை வைக்க மாட்டேன்."

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நாளைக்கு டிக்கெட் கெடைக்குதான்னு பாக்குதேன்" என்றார்.

"கெடைக்காட்டி பஸ்ஸு. பஸ்ஸு இல்லாட்டி எங்க யார்டு பக்கம் வார லாரி."

நவம்பர் 23

வீட்டைக் கழுவினேன். விளமீன் சொல்லி வைத்தேன். ஜொவிட்டாவிடம் அப்பா வருகிறார் என்றதும், "அப்ப அது மெட்ராஸ் காக்காவா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நவம்பர் 24

முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்தார். நானும் ஜொவிட்டாவும் ஸ்டேஷனுக்குப் போனோம். அந்த ஸ்டேஷனில் அவருக்காக நான் நின்றது இதுதான் முதல் தடவை. ரோசாரி வாசலில் நின்று, "எங்க எமி, விடியுமுன்ன?" என்று கேட்டாள். "அவிய வாராவ" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போனேன்.

இளைத்திருந்தார். முடி நிறைய நரைத்திருந்தது. ஜொவிட்டா ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். பிளாட்பாரத்தில் எங்களுக்குப் பேச வரவில்லை.

ஆட்டோவில் எனக்குப் பேச்சு வந்தது. ஜொவிட்டா அவர் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு தடவை அவர் கிளம்பிப் போன பிறகும் அவருடைய தலையணை உறையைத் துவைக்காமல் வைத்திருந்ததை. எஞ்சின் இரைச்சல் வரும் மெசேஜைப் போட்டுவிட்டுத் தூங்கியதை. அந்தப் பெண் குரலைக் கேட்ட பிறகு சாப்பாடு இறங்காததை. அவர் இல்லாத வீடு எனக்கு ஒரு நாளும் பழகவில்லை என்பதை. பன்னிரண்டு வருடமாக உள்ளே அடைத்து வைத்ததை மூன்றாம் மைல் பாலம் தாண்டுவதற்குள் கொட்டி முடித்துவிட்டேன். அவர் அவ்வப்போது தலையை ஆட்டினார். ஒரு தடவை என் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு லேசாக என் நெஞ்சு இருந்ததே இல்லை.

வீட்டு வாசலில் இறங்கினோம். பிள்ளையை உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்தார். பெட்டியைத் தூக்கப் போனவர் அதை அப்படியே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எமி, வழி நெடுவ என்னமோ சொல்லிக்கிட்டே வந்தியே. நீ இருந்த பக்கத்துக் காதுதான் போனது. ஆட்டோ சத்தத்துல ஒண்ணுமே விளங்கல. சும்மா தலைய ஆட்டிக்கிட்டு வந்துட்டேன்." கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு, "என்ன சொன்ன?" என்று கேட்டார்.

காபி போடக்கூடப் போகவில்லை. அவரை உட்கார வைத்து, நாற்காலியை அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொன்னேன்.